தேடியும் கிடைக்காத பொருள்

தேடிய பொருள் கிடைக்காவிடில், தேடிய பாடு வீண்தானா? இக்கேள்வியைச் சற்றே சிந்திக்க வேண்டுகிறோம்.

வானநூலார் நெடுங்காலமாக ஒரு கணக்குக் குறைவால் அல்லற்படுகின்றனர். பால்வெளியில் நட்சத்திரங்கள் சுழலும் வேகத்தைப் பார்த்தால், அவற்றைச் சிதறாமல் பிடித்து வைக்கக் கண்ணுக்குத் தெரியும் பொருளின் எடை போதாது. இன்னும் பன்மடங்கு வேண்டும். காணாத அந்தச் சரக்கிற்குக் 'கரும்பொருள்' என்று பெயரிட்டனர். அணைந்த நட்சத்திரங்களும் கருந்துளைகளும்தாம் அதுவோ என்ற சந்தேகம் எழுந்தது.

ஒளியற்றதைக் காண்பது எங்ஙனம்? 1986-ல் போதான் பச்சின்ஸ்கி என்னும் போலந்து நாட்டு அறிஞர் வழி சொன்னார். இருண்ட பொருளொன்று தூரத்து நட்சத்திரத்திற்கு நேர் குறுக்கே வந்தால், அதன் ஈர்ப்பு ஒளியை வளைத்துப் பூதக்கண்ணாடிபோல் கூட்டிக் காட்டும். நட்சத்திரம் சில காலம் பிரகாசித்துப் பின் பழைய நிலைக்குத் திரும்பும். ஆனால் ஒரு நேரத்தில் பத்து இலட்சம் நட்சத்திரங்களில் ஒன்றுக்கு இது நேர்வதே அரிது. ஆகவே கோடிக்கணக்கானவற்றை விடாது பார்த்து வரவேண்டும்.

ஆஸ்திரேலியாவின் ஸ்ட்ரோம்லோ மலையில் 1992 முதல் ஒரு குழுவினர் பார்த்தனர். கரும்பொருளில் ஐந்திலொரு பங்கு இவ்வகையாக இருக்கலாமென 2000-ல் கூறினர். பிறகு போலந்து வானநூலார் சிலி நாட்டில் தொலைநோக்கி வைத்து, பெரிய மகெல்லன் மேகத்தின் ஏறக்குறைய 8 கோடி நட்சத்திரங்களை 20 ஆண்டுகள் கவனித்தனர். கண்ட நிகழ்ச்சிகள் இருபதுக்கும் குறைவு. அவற்றுக்கும் நாமறிந்த நட்சத்திரங்களே போதிய காரணம். சூரியனின் எடையில் ஐயாயிரத்திலொரு பங்கு முதல் ஆறு மடங்கு வரையுள்ள இருண்ட உருண்டைகள், கரும்பொருளில் நூற்றுக்கு ஒன்றுக்கு மேல் இல்லையென 2024-ல் அறிவித்தனர்.

இருபதாண்டு உழைப்பின் பலன் 'இங்கே இல்லை' என்னும் ஒரு சொல்! இதைச் சொல்ல அவர்கள் வெட்கப்படவில்லை. உலகறியச் சொன்னார்கள்.

பல ஆண்டுகளுக்கு முன் நமது கடையில் இருப்புக் குறைந்தது. சந்தேகம் கடைப்பையன் மேல் விழுந்தது. நால்வர் பார்க்க அவனுடைய தகரப்பெட்டியைத் திறந்தோம்; ஒன்றுமில்லை. பேசாமல் மூடினோம். 'இவனிடம் இல்லை' என்று அந்த நால்வரிடமும் சொல்ல நமக்கு நாவெழவில்லை. சொன்னால் நமது தேட்டம் பிழையென்று ஆகுமே! ஒரு மாதத்தில் பையன் ஊருக்குப் போய்விட்டான். குறைந்த சரக்கு போன வழி இன்றுவரை தெரியாது.

கரும்பொருள் யாதென்பதும் இன்னும் தெரியாது. ஆயினும் அவர்கள் தேட்டம் வீணன்று. சந்தேகப்பட்ட ஒன்றை விடுவித்து, அடுத்த இடத்தைத் தேட வழிவிட்டது. நாமும் பெட்டியைத் தேடினோம். ஆனால் கண்டதை மறைத்தோம். வீணானது நமது தேட்டமே.

சந்தேகத்தை நால்வர் முன் திறந்தவன், 'இல்லை' என்பதையும் அந்த நால்வர் முன்னரே சொல்லக் கடமைப்பட்டவன்.