வானம் யாருக்குப் பொது?

எண்ணூர்க் கரையில் நின்று, வடக்கே ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எழும் ராக்கெட்டின் சுடரைக் கண்டு நாம் பெருமிதம் கொள்கிறோம். அப்பயணம் தொடங்கியது கேரளத்துத் தும்பாவில். 1963-இல் இந்திய மண்ணிலிருந்து முதல் ராக்கெட் அங்கேதான் எழுந்தது. மனுக்குலத்தின் நன்மைக்கென்று நம்பி, அவ்வூர் மீனவர் தம் மகதலா மரியா ஆலயத்தையே அப்பணிக்கு விட்டுக்கொடுத்தனர். விண்வெளி எந்நாட்டுக்கும் உடைமையன்று என 1967-ஆம் ஆண்டு உடன்படிக்கையும் மொழிந்தது. இன்றோ நிலவின் தென்துருவப் பனிக்கட்டியை நாடி வல்லரசுகளும் வணிக நிறுவனங்களும் போட்டியிடுகின்றன.

கடலும் அனைவர்க்கும் பொது என்றே சொல்லப்பட்டது. ஆயினும், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் படர்ந்தபோது, கறுத்துப்போனவை எளியோரின் வலைகளும் படகுகளுமே. ஆதாயம் சிலர்க்கு, இழப்பு எளியோர்க்கு என்றால், பொது என்பது வெறும் சொல். தும்பாவின் கொடைக்கு வானேறுவோர் கடன்பட்டவர்கள். பெருமிதம் கொள்ளும் நாமும் அவர்களுள் அடக்கம். அக்கடனைக் கரையில் நிற்கும் எளியோரிடமே தீர்க்க வேண்டும்.