கடைசிப் பொத்தான்

'இந்தத் தடவ நான் யாருக்கும் ஓட்டுப் போடப் போறதில்ல' என்றேன். அம்மாச்சி வெத்தலை இடிப்பதை நிறுத்திவிட்டு ஏறிட்டுப் பார்த்தது. 'ஏம்ப்பா, எவனும் ஒன்னைய வரக்கூடாதுன்னு சொன்னானா?' அதற்குத் தெரிந்த காரணம் அது ஒன்றுதான்.

என் காரணம் வேறு. மேலவளவு எங்களுக்குத் தூரமில்லை. அது தனி ஊராட்சி ஆனதே ஆதிக்க சாதிக்காரர்களுக்குப் பொறுக்கவில்லை. 1996இல் தேர்தலில் ஜெயித்துத் தலைவரான முருகேசனையும் இன்னும் ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று பஸ்ஸை மறித்து வெட்டிக் கொன்றார்கள். 2001இல் பதினேழு பேருக்கு ஆயுள் தண்டனை விழுந்தது. 2008இல் அண்ணா நூற்றாண்டு என்று சொல்லி அதில் மூன்று பேரை தி.மு.க. அரசு வெளியே விட்டது. 2019இல் எம்.ஜி.ஆர். நூற்றாண்டு என்று பதின்மூன்று பேரை அ.தி.மு.க. அரசு விட்டது. யாருடைய நூற்றாண்டு என்பதில்தான் வித்தியாசம். நம்மவர் கட்சிகள்? இந்த இரண்டு வாசலிலும் மாறி மாறி நின்று, கொடுத்த சீட்டை வாங்கி வந்தவைதாம். எழுதக் கை கூசுகிறது. எழுதத்தான் வேண்டும்.

பட்டணத்துக்காரனுக்கும் அரசியல் கசந்துபோகிறது. ஆனால் அவன் ஓட்டுப் போடாவிட்டாலும் அவன் தெருவுக்குத் தண்ணி வரும். ஆபீசில் அவன் ஆள் ஒருத்தன் இருப்பான். சேரிக்காரன் வெறுப்பைக் காட்டினால் என்ன ஆகும்? 2013இல் உச்ச நீதிமன்றம் சொல்லி நோட்டா பொத்தான் வந்தது. அதற்கு முன்னால் 49-ஓ விதிதான். 'யாருக்கும் இல்லை' என்று பூத் அதிகாரியிடம் சொல்லி, பதிவேட்டில் கையெழுத்துப் போடவேண்டும். சுற்றி உட்கார்ந்திருக்கிற ஏஜெண்டுகள் ஊர்த்தெருக்காரர்கள். ரகசியமாக வெறுக்கக்கூட நமக்கு வழியில்லை. இப்போது பொத்தான் இருக்கிறது. ஆனால் சட்டமன்றத் தேர்தலில் நோட்டாவே அதிக ஓட்டு வாங்கினாலும் அடுத்து வந்த வேட்பாளர்தான் ஜெயித்தவர். கோபப்பட்டுக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

1932 ஆகஸ்டில் நமக்கு இரண்டு ஓட்டு அறிவித்தார்கள். நம் ஆளை நாமே தேர்ந்தெடுக்க ஒன்று, பொதுத்தொகுதியில் ஒன்று. அடுத்த மாதமே பூனா ஒப்பந்தம் அதைப் பறித்தது. 71 இடம் 148 ஆனது நிஜம்தான். ஆனால் அதில் யார் உட்காருவது என்பது ஊர்த்தெரு ஓட்டுக்குப் போய்விட்டது. தனித்தொகுதி எம்.எல்.ஏ. நம் தெருவில் பிறந்தும் நமக்காக வாய் திறக்காமல் இருப்பதன் வேர் அங்கே இருக்கிறது.

இவ்வளவையும் அம்மாச்சி கேட்டுக்கொண்டது. 'எல்லாஞ் சரிப்பா. நீ போகாம இருக்கணும்னுதான அவய்ங்க வெட்டுனாய்ங்க?'

வெட்டியவனை விட்டவனுக்கே ஓட்டா என்று நான் கேட்டேன். அதற்கு அம்மாச்சியிடம் பதிலில்லை. அது கேட்டதற்கு என்னிடமும் இல்லை.

போனேன். கடைசிப் பொத்தானை அமுக்கினேன். பெண்கள் வரிசையில் ஊர்த்தெரு அம்மா ஒருத்திக்கு முன்னால், நகராமல் நின்றுகொண்டிருந்தது அம்மாச்சி.