தோல் தானம் ஆகுமா?

 

நம் கடைவரிசையில் சமையல்காரர் ஒருவர் மீது கொதிக்கும் எண்ணெய்ச் சட்டி சரிந்தது. நெஞ்சும் இரு கைகளும் முதுகும் வெந்து போயின. ஆஸ்பத்திரியில் டாக்டர், "இறந்தவர் ஒருவர் தந்த தோலை மேலே போர்த்தப் போகிறோம்" என்றார். உடன் சென்ற நாம் திகைத்துப் போனோம். அத்தோலோடு தொழலாமா? தோலைக் கொடுத்த அந்த மய்யித்தின் கண்ணியம் என்னாவது? பருப்பும் புளியும் நிறுக்கும் நமக்கு இதெல்லாம் எங்கே தெரியும்! பிறகு ஆலிம்களிடமும் டாக்டர்மாரிடமும் கேட்டறிந்ததையே இங்கு சொல்கிறோம்.

தோல் வெறும் போர்வையன்று. உடலின் நீரை உள்ளே காப்பதும், கிருமியை வெளியே தடுப்பதும் அதுவே. உடம்பில் பெரும்பகுதி வெந்தவருக்குச் சொந்தத் தோலை எடுத்து ஒட்டப் போதிய இடமிராது. ஆகவே பிறர் தோலைக் கொண்டு காயத்தை மூடுகிறார்கள். இரண்டு மூன்று வாரத்தில் உடம்பு அதைத் தள்ளிவிடும். அதற்குள் புண் ஆறுதலடைந்து, சொந்தத் தோலை ஒட்டும் பக்குவத்துக்கு வந்துவிடும். ஆக, இது இரவல் போர்வைதான்.

மௌத்தாகி 24 மணி நேரத்துக்குள், முதுகிலும் தொடையிலுமிருந்து அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த கனத்தில் மேற்படலத்தை மட்டும் சீவி எடுக்கிறார்கள். கொடுத்தவரின் இரத்தத்தில் மஞ்சட்காமாலைக் கிருமி, எய்ட்ஸ் கிருமி முதலியன உண்டா என்று பரீட்சித்த பின்பே தோலை ஏற்கிறார்கள். பாதுகாக்கும் முறை ஒன்றல்ல. திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழே 196 டிகிரிக் குளிரில் வைப்பது ஒன்று. 85 சதவீதக் கிளிசரினில் ஊறவைப்பது மற்றொன்று. கருவாட்டு வியாபாரிகளுக்கு இது எளிதில் விளங்கும். உப்பு மீனின் நீரை உறிஞ்சுவதுபோல் கிளிசரின் தோலின் நீரை உறிஞ்சுகிறது, நீரின்றிக் கிருமி வளராது. (விளக்கத்துக்காகச் சொன்னோம்; மய்யித்தைக் குறைத்துச் சொன்னதல்ல.) கோபால்ட்டின் காமாக் கதிரைப் பாய்ச்சிக் கிருமியை ஒழிக்கும் வழியும் உண்டு. சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனையில் 1998 முதல் தோல் வங்கி இருந்து வருகிறது.

இனி மார்க்கத்துக்கு வருவோம். மய்யித்தின் எலும்பை முறிக்கலாகாதென நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் தடுத்திருப்பதை நாம் அறிவோம். கூடாதென்று சொல்லும் உலமாக்கள் இந்தத் தடையையே எடுத்துக் காட்டுகிறார்கள். அவர்களை அறியாதவர்கள் என்று யாரும் ஏசவேண்டாம். ஆனால் அல்மாயிதா சூராவின் 32ஆம் ஆயத்தில் ஓர் உயிரைக் காப்பதற்குக் கூறப்பட்ட மதிப்பு எவ்வளவு! மலேசியாவின் பத்வா கமிட்டி கண்ணையும் இருதயத்தையும் மாற்றிவைப்பதற்கு 1970லேயே அனுமதி தந்தது. சிங்கப்பூர் முயிஸ் 1973ல் உறுப்பு மாற்றுவதைக் கூடாதென்றது. 1986ல் சிறுநீரகத்துக்கு அனுமதித்தது. தேவையை ஆராய்ந்து தீர்ப்பை மாற்றியவர்களும் உலமாக்களே.

தொழுகை பற்றிய நம் ஐயத்துக்கும் விடை கிடைத்தது. ஷாபிஈ மத்ஹபில் மனிதனின் மய்யித்து சுத்தமானதே; நஜீஸ் அல்ல. ஒன்று மட்டும் திண்ணம்: மனித உடலை விற்பதும் வாங்குவதும் ஆகாது. ஈகையாகத்தான் தரலாம். நாமோ எதற்கும் விலை கேட்டே பழகியவர்கள்!

சிங்கப்பூரில் சிறுநீரகம், கல்லீரல், இருதயம், கருவிழி ஆகியவற்றுக்கான சட்டம் 2008 முதல் முஸ்லிம்களுக்கும் பொருந்தும். தோல் அதில் சேராது. உயிரோடிருக்கையில் நாமே எழுதித் தரவேண்டும், அல்லது மௌத்துக்குப் பின் வீட்டார் சம்மதிக்கவேண்டும். ஜனாஸாவுக்கு ஆள் திரண்டு, கபன் துணி வெட்டும் நேரத்தில் இக்கேள்வி வந்தால் பிள்ளைகள் என்ன சொல்வார்கள்? கடன் பற்று வரவை எழுதி வைக்கிற நாம் இதை மட்டும் ஏன் சொல்லாமல் போகவேண்டும்? சம்மதமாயினும் மறுப்பாயினும், உங்கள் ஆலிமிடம் கேட்டு வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள்.

நம் வீட்டில் இப்பேச்சை எடுத்ததும் மூத்த மகன் சாப்பாட்டை விட்டு எழுந்து போய்விட்டான். இரண்டாம் நாள் அவனே வந்து, "முகத்தில் எடுப்பார்களா, அத்தா?" என்று கேட்டான். இல்லை என்றோம்.