திரையில் கண்ட பிறை



அமாவாசை கழிந்த ஓரிரு நாளில் பஞ்சாங்கத்தில் 'சந்திர தரிசனம்' என்று ஒரு வரி வரும். ஊரில் இருந்தபோது மாலையில் வாசலுக்கு வந்து, மேற்கே பார்த்துக் கும்பிட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விடுவோம். இங்கே அது அத்தனை எளிதல்ல. ஷார்ஜாவில் பதினான்காம் மாடியில் குடியிருந்தாலும் ஜன்னலில் தெரிவது எதிர்க் கட்டடத்தின் ஏசி பெட்டிகள்தாம். ஆகவே எங்களில் நாலைந்து குடும்பங்கள் அந்த மாலைகளில் மம்சார் கடற்கரைக்குச் செல்வதை வழக்கமாக்கிக் கொண்டோம். மெரினாவில் பிறை கடலில் இறங்கக் கண்டவர் யாரும் இல்லை. அங்கே கடல் கிழக்கே அல்லவா? இங்கே அந்தக் காட்சி நமக்கு வாய்க்கிறது. மேலும், சென்னையைவிட இங்கே சூரியன் மறைய சுமார் 1 மணி 40 நிமிடம் தாமதமாவதால், சந்திரன் அதற்குள் சூரியனை விட்டு இன்னும் முக்கால் டிகிரியாவது விலகியிருக்கும். அங்கே தவறவிட்ட பிறை இங்கே அகப்படுவதும் உண்டு.

இந்த நாட்டில் பிறை தேடுவது நமக்கு மட்டும் உரிய வழக்கமன்று. ரமலான் தொடங்குவதும் முடிவதும் பிறையைக் கொண்டே. 29ஆம் நாள் மாலையில் அலுவலகத் தோழர்கள் கைபேசியைப் பார்த்தபடி இருப்பார்கள். லீவு எத்தனை நாள் என்பதும் அதைப் பொறுத்ததே என்பதால் நாமும் ஆவலோடு காத்திருப்பதை மறைப்பானேன்?

அபுதாபிப் பாலைவனத்தில் சர்வதேச வானியல் மையத்தின் அல் கத்ம் வானாய்வகம் இருக்கிறது. பட்டப்பகலில், சூரியனுக்கு அருகிலேயே இருக்கும் மெல்லிய பிறையை அவர்கள் கேமராவில் பிடிக்கிறார்கள். வானத்தின் நீல ஒளி குறுக்கிடாதிருக்க அகச்சிவப்பு வடிகட்டி. ஏராளமான படங்களை எடுத்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்க்கும் கணினி. சூரிய வெளிச்சம் குழலுக்குள் விழாதபடி மறைப்பு. (வீட்டுப் பிள்ளைகள் இதைத் தாமே முயலக் கூடாது, கண்ணும் போகும், கேமராவும் போகும்.) இதன் எல்லையைத் தொட்டவர் தியரி லெகோ என்ற பிரெஞ்சுக்காரர். 2013 ஜூலை 8 அன்று, அமாவாசை நிகழும் அந்தக் கணத்திலேயே, சூரியனிலிருந்து ஏறத்தாழ நாலரை டிகிரி தள்ளியிருந்த பிறையைப் படமெடுத்தார். எந்தத் தொலைநோக்கியில் கண் வைத்தாலும் மனிதனுக்குப் புலப்படாத பிறை அது.

அப்படியானால் அது கண்ட பிறையா, காணாத பிறையா?

2025இல் நோன்புப் பெருநாளை அமீரகம் மார்ச் 30 அன்றும் ஓமான் மார்ச் 31 அன்றும் கொண்டாடின. எந்தச் சாட்சியை ஏற்பது என்பதை அவரவர் மார்க்க அறிஞர்கள் தீர்மானிப்பார்கள். அதில் நாம் சொல்ல ஒன்றுமில்லை. ஆயின் அதே கேள்வி வேறு உருவில் நம் வீட்டுக்குள்ளும் வந்துவிட்டது.

எங்கள் குழுவில் ஒரு இளைஞர் தொலைநோக்கி ஒன்றும், அதற்கென்றே செய்த கேமரா ஒன்றும் வாங்கினார். அந்தக் கேமராவில் லென்ஸும் கிடையாது, கண் வைத்துப் பார்க்கும் துவாரமும் கிடையாது. கைக்கு அடக்கமான ஓர் உருளை; தொலைநோக்கியில் நாம் கண் வைக்கும் இடத்தில் அதைச் செருகி, வயரை லேப்டாப்பில் மாட்ட வேண்டியதுதான். சில நிமிடங்களில் ஆயிரம், இரண்டாயிரம் படங்கள் எடுத்துவிடும். அடுப்பில் காய்ந்த தோசைக்கல்லின் மேல் காற்று நெளிவதுபோல இந்த ஊர்க் காற்று நெளிவதால் பெரும்பாலானவை மங்கல். கணினி அவற்றில் தெளிவானவற்றை மட்டும் பொறுக்கி, பொருத்தி, கூட்டி ஒரே படமாக்கும்.

ஒரு மூன்றாம் பிறையன்று அவருடைய பாட்டியும் கடற்கரைக்கு வந்திருந்தார்கள். விழித்திரை நோயால் பார்வை பெரிதும் மங்கியவர்கள். வானத்துப் பிறையைக் கண்டு பல ஆண்டுகள் ஆகின்றன. பேரன் லேப்டாப்பைக் கொண்டுவந்து மடியருகே வைத்தார். திரை முழுதும் பிறை, தண்ணீருக்குள் இருப்பதுபோல நடுங்கிக் கொண்டிருந்தது. "இப்ப அங்க இருக்கிறதா இது?" என்று கேட்டார்கள். ஆம் என்றதும் கைகூப்பினார்கள். கொஞ்ச நேரம் கையை இறக்கவே இல்லை.

அன்றிரவு பேரன் வெகுநேரம் கண்விழித்துப் படத்தைச் செப்பனிட்டார். மேர் கிரிசியம் என்னும் கரிய சமவெளி, அதன் விளிம்பு மலைகள் எல்லாம் செதுக்கியதுபோல் வந்திருந்தன. காலையில் காட்டியபோது பாட்டி சொன்னது: "அழகா இருக்குடா கண்ணு. ஆனா இது படம்தானே?" இரண்டும் ஒரே கேமராவில் வந்தவை அல்லவா என்று அவருக்கு மனத்தாங்கல்.

எங்களுக்குள் இது பல வாரம் ஓடியது. நேரடியாகத் தெரிந்ததும் மின்சாரம்தானே என்றார் ஒருவர். கண்புரை அறுவையில் வைத்த லென்ஸ் வழியே மூலவரைக் காண்பது தரிசனமென்றால் இது ஏன் ஆகாது என்றார் இன்னொருவர். அவருக்கு எங்களிடம் உடனே பதில் இல்லை.

அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரில் அறியும் வழிகளைக் காண்டல், கருதல், உரை என மூன்றில் அடக்குகிறார். அதை வைத்துப் பார்த்தபோது எங்களுக்குச் சற்றுத் தெளிந்தது. கடற்கரையில் நடுங்கிய பிறை காண்டலுக்கு மிக அருகில் நிற்கிறது. இரவெல்லாம் செப்பனிட்ட படம், ஆயிரம் மங்கலான சாட்சிகளைக் கொண்டு 'நிலவு இப்படித்தான் இருந்திருக்க வேண்டும்' என்று கருதியது. அதையே சேலத்திலிருக்கும் அத்தைக்கு அனுப்பினால் அவருக்கு அது உரை. அனுப்பியவர் சொல்லை நம்பித்தான் ஏற்கிறார். எதிலும் பொய் இல்லை. ஆனால் ஒன்றை மற்றொன்றின் பெயரால் கொடுத்தால் பொய் நுழைந்துவிடுகிறது.

2023 மார்ச்சில் ஒருவர், வேண்டுமென்றே மங்கலாக்கிய நிலாப் படத்தைக் கணினித் திரையில் வைத்து, தூரத்திலிருந்து சாம்சங் கைபேசியால் படமெடுத்துக் காட்டினார். மங்கலில் இல்லாத நுண்விவரங்கள் கைபேசிப் படத்தில் இருந்தன. நிலவு என்று கண்டுகொண்டால் செயற்கை நுண்ணறிவு விவரங்களை மேம்படுத்துகிறது என்று நிறுவனமும் விளக்கியது. அந்த இளைஞர் செய்தது இது அன்று. அவர் கூட்டியதெல்லாம் அன்று மாலை நிலவிலிருந்து வந்த ஒளி. இந்த வேறுபாட்டைத் தெரிவிக்காமல் இரண்டையும் ஒரே சுவரில் மாட்டுவது நியாயமாகாது என்று நினைத்தோம். அதனால் விழாக் கண்காட்சியில் அவர் படத்தின் கீழே, எடுத்த நாள், இடம், எத்தனை படங்களைச் சேர்த்தது என்று எழுதி வைத்தோம். அதை யார் படிக்கப் போகிறார்கள் என்று சிலர் சிரித்தார்கள். சிறுவர்கள் படித்தார்கள்.

லெகோவின் பிறையைப் பற்றி எங்களுக்குள் இன்னும் ஒருமித்த கருத்து இல்லை. அது அறிவின் பெரிய வெற்றி என்பதில் ஐயமில்லை. தரிசனம் என்று சொல்ல எங்களில் பலருக்கு வாய் வரவில்லை. பாட்டியிடம் கேட்டிருக்கலாம். ஆனால் அவர்கள் தம் கருத்தை வேறு விதமாக முன்பே தெரிவித்துவிட்டார்கள்.

மூன்றாம் பிறைக்கு மறுநாள் மாலை. பேரன் பால்கனி மூலையிலிருந்து எப்படியோ பிறையைப் பிடித்து, லேப்டாப்பைச் சாப்பாட்டு மேசையில் வைத்திருந்தார். நாலாம் பிறை பார்த்தால் நாய் படாத பாடு என்று வளர்ந்தவர்கள் பாட்டி. முகத்தைத் திருப்பிக்கொண்டு, "முதல்ல அதை மூடு" என்றார்கள்.

"படம்தானே பாட்டி?"

"நேத்து கும்பிட்டேன் இல்லையா? மூடுடா."