தையலும் சந்திரனும்

1969 ஜூலையில் சந்திரனில் இறங்கிய ஆம்ஸ்ட்ராங்கையும் ஆல்ட்ரினையும் உலகம் அறியும். அவர்கள் உடையைத் தைத்தவர்களை அறியாது. அமெரிக்காவின் டெலவேரில், பெண்களின் உள்ளாடை செய்துவந்த ஒரு கம்பெனியின் தையல்காரிகள் அவர்கள். அடுக்கடுக்கான துணி, பிசகு ஓர் உயிரைக் கேட்கலாம். 1972 டிசம்பர் வரை 12 பேர் அங்கே நடந்தார்கள். யாருடைய உடையும் அவரைக் கைவிடவில்லை.

திருப்பூர் வங்கிக் குமாஸ்தாவான எனக்கு இதைப் படித்ததும் சனிக்கிழமைச் சம்பளம்தான் நினைவுக்கு வந்தது. இங்கே பவர் டேபிளில் குனிந்திருப்பவளுக்கு பீஸ் ரேட். தையல் பிசகினால் யாரும் சாவதில்லை. பீஸ் திரும்பி வரும், கூலி குறையும். அவள் தைக்கும் பனியன் எந்த ஊர் முதுகுக்கு என்று அவளுக்குத் தெரியாது. டெலவேர்க்காரிக்குத் தெரியும்: ஒவ்வோர் உடையும் குறிப்பிட்ட ஒருவனின் அளவுக்கே தைக்கப்பட்டது.

முகம் தெரிந்தவனிடம் காட்டும் அக்கறையில் பயமும் பாதி கலந்திருக்கிறது. முகம் தெரியாதவனுக்கும் நேராகத் தைப்பதே கடினமான அறம் என்று எனக்குப் படுகிறது. அதற்குச் சாட்சியில்லை, கொடியில்லை. ஆனால் அதைப் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவளிடம் கேட்கும் உரிமை யாருக்கு? இதை எழுதும்போது நான் போட்டிருக்கும் பனியனைத் தைத்தவள் யாரென்று எனக்கும் தெரியாது.