பொறுக்கும் பயிரும் பொறுக்கச் சொல்லும் மனிதரும்

எங்கள் பாடசாலையில் ஒன்பதாந் தர வகுப்புக்குத் தகரக் கூரை. பகல் பதினொரு மணிக்குப் பிறகு அதன் கீழ் இருப்பது அடுப்பங்கரையில் இருப்பது போலத்தான். பிள்ளைகள் கொப்பியால் விசிறிக்கொள்வார்கள். "பழகினாச் சரியாப் போகும்" என்பேன். ஆசிரிய கலாசாலையை விட்டு வந்த நாள் முதல் நான் சொல்லிவரும் வார்த்தை அது.

சென்ற தவணையில் ஒருநாள் கோதுமையைப் பற்றிப் படிப்பித்தேன். நமது வயல்களில் விளையாத பயிர்தான். ஆனாலும் காலையில் பாணாகவும் இரவில் ரொட்டியாகவும் அது நம் வீடுகளுக்குள் வந்துவிடுகிறது. வெப்பத்தையும் வரட்சியையும் தாங்கும் கோதுமை இனங்களை விஞ்ஞானிகள் உருவாக்கி வருகிறார்கள் என்றேன். பின் வாங்கிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள்.

"சேர், கோதுமைய வெயிலுக்குப் பழக்குறாங்க. வெயிலக் கூட்டினவங்கள என்ன செய்யிற?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தக் கேள்வியோடு நான் பல நாட்கள் நடந்து திரிந்தேன்.

முதலில் அவளுடைய ஒரு சொல்லைத் திருத்த வேண்டும். கோதுமையை யாரும் வெயிலுக்குப் பழக்குவதில்லை. கோதுமை குளிர் விரும்பும் பயிர். பூக்கும் வேளையில் வெப்பநிலை 30 பாகை செல்சியஸைத் தாண்டினால் மகரந்தம் கெட்டு, கதிரில் மணிகள் குறைந்துவிடும். பிடித்த மணியும் நிரம்புவதற்கு முன்பே பயிர் அவசரமாக முதிர்ந்துவிடுவதால் சூம்பிப் போகும். உலக வெப்பநிலை ஒரு பாகை உயர்ந்தால் கோதுமை விளைச்சல் ஏறத்தாழ 6 சதவீதம் குறையும் என 2015இல் வெளியான ஓர் ஆய்வு மதிப்பிட்டது.

ஆகவே விஞ்ஞானிகள் செய்வது தெரிவு. மெக்சிகோவின் சொனோரா பாலை நிலத்தில் சிமிட் எனப்படும் சர்வதேச ஆய்வு நிலையத்தின் வயல்கள் உள்ளன. அங்கே வேண்டுமென்றே காலம் தாழ்த்தி விதைக்கிறார்கள். பயிர் பூக்கும்போது கடும் வெயில் வந்து சேர வேண்டும் என்பதே நோக்கம். வேறு பாத்திகளுக்குத் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். பிறகு இலைகளின் வெப்பத்தை அளக்கிறார்கள். சுற்றிலும் அனல் அடிக்க, எந்தப் பயிரின் இலை குளிர்ந்திருக்கிறதோ அதன் வேர் ஆழத்தில் நீரைத் தேடிக் கண்டிருக்கிறது என்று பொருள். அதை எடுத்துக்கொண்டு மற்றவற்றைக் கழித்துவிடுகிறார்கள். கோதுமையின் முன்னோரில் ஒன்றான காட்டுப் புல்லோடு கலந்து பெற்ற சில வழிகள், கடும் வெப்பத்தில் மற்றவற்றை விட 50 சதவீதம் வரை கூடுதலாக விளைந்தன என்று 2023இல் அறிவித்தார்கள்.

பயிருக்கு இது தகும். ஆயிரத்தைக் கழித்து ஒன்றை எடுக்கலாம். பிள்ளைகளை அப்படிச் செய்ய முடியாது. தகரத்தின் கீழ் மயங்கி விழாதவன் கெட்டிக்காரன், விழுந்தவன் பலவீனன் என்று நான் மனதுக்குள் எத்தனை தடவை புள்ளி போட்டிருக்கிறேன்!

இனி அவளுடைய கேள்விக்கு வருவோம். செனகல் ஆற்றங்கரையில் நெல்லறுவடைக்கும் அடுத்த விதைப்புக்கும் இடையே தரிசாகக் கிடக்கும் நிலத்தில், 92 நாட்களில் விளைந்து 40 பாகை வரை தாங்கும் கோதுமையை இக்கார்டா ஆய்வு நிலையத்தினர் உருவாக்கினார்கள். 2017இல் அதற்கு ஒரு சர்வதேசப் பரிசும் கிடைத்தது. ஆனால் ஆபிரிக்கக் கண்டம் முழுவதும் சேர்ந்து வெளியிடும் காபனீரொட்சைட்டு உலகத் தொகையில் ஏறத்தாழ 4 சதவீதம்தான். வெப்பத்தைக் கூட்டியவர் ஒருவர், தாங்க வேண்டியவர் இன்னொருவர். தாங்கும் விதை கையில் இருக்கிறதே என்று முன்னவர் நிம்மதியாகத் தூங்கிவிட்டால், அந்த நல்ல விதையே ஓர் அநியாயத்துக்குச் சாட்டாகிவிடாதா?

ஆகிவிடலாம். அதற்காக விதையைச் செய்யாமல் விட முடியுமா? ஒரு புதிய இனம் வயலுக்கு வரப் பத்து வருடங்களுக்கு மேல் செல்லக்கூடும். நீதி கிடைக்கும் வரை அந்தக் கமக்காரனைக் காத்திருக்கச் சொல்வதும் கொடுமைதான். அவனுக்கு அடுத்த போகத்துக்கு விதை வேண்டும்.

இக்கார்டாவின் கதையே இதற்குச் சான்று. அதன் தலைமையகம் சிரியாவில், அலெப்போ நகருக்கு அருகே இருந்தது. வரண்ட நிலங்களின் பழைய கோதுமை, பார்லி விதைகளை அங்கே காத்து வைத்திருந்தார்கள். யுத்தம் மூண்டபோது, அவற்றின் பிரதிகளை நோர்வேயின் ஸ்வால்பார்ட் பனித்தீவிலுள்ள களஞ்சியத்துக்கு அனுப்பினார்கள். 2015இல் அக்களஞ்சியத்திலிருந்து முதன்முதலாக விதை திருப்பிப் பெற்றவர்களும் அவர்களே. லெபனானிலும் மொரோக்கோவிலும் விதைத்துப் பெருக்கி, 2017இல் ஒரு பகுதியைத் திரும்பவும் அங்கே வைத்தார்கள். யுத்தம் தீரட்டும், பிறகு விதையைப் பார்ப்போம் என்று அவர்கள் இருந்திருந்தால் எல்லாம் போயிருக்கும்.

எனவே நான் கண்டுகொண்டது இவ்வளவுதான். தாங்குவதற்கு ஒருவருக்கு வலுக் கொடுப்பது உதவி. "நீதான் தாங்குகிறாயே" என்று சொல்லிச் சுமையை அவர் தலையிலேயே விட்டுவிடுவது அநீதி. வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்று போலிருக்கும். வேறுபாடு, விதையைக் கொடுத்தவர் அதற்குப் பிறகு என்ன செய்கிறார் என்பதில் இருக்கிறது. மேலும், எந்த இனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. நீரே இல்லாத மண்ணில் எந்த விதையும் மணி பிடிப்பதில்லை.

மறுவாரம் அந்த மாணவியிடம், "உன் கேள்வி சரி, மகள். என் பதில்தான் இத்தனை வருடமாகப் பிழை" என்றேன். அவளுக்கு விளங்கியதோ தெரியாது. பெற்றார் கூட்டத்தில் கூரையைப் பற்றி எழுந்து பேசினேன். தகரத்தின் மேல் கிடுகு வேய்ந்து தருவதாக நான்கு வாப்பாமார் ஒத்துக்கொண்டார்கள். அதுவரை பிள்ளைகளைத் தண்ணீர்ப் போத்தலோடு வரச் சொல்லியிருக்கிறேன். "பழகினாச் சரியாப் போகும்" என்ற வார்த்தை இப்போதும் சில வேளை நாக்கு நுனிவரை வருகிறது. விழுங்கிக்கொள்கிறேன்.