வராகரை அளவுகோலாக வைத்து

சீடன்: ஐயா, வரும் வழியில் ஸ்ரீவராகம் குளத்துப் படிக்கட்டில் இருவர் வாதிட்டுக்கொண்டிருந்தார்கள். "காரணம் இல்லாமலா ஓர் அரசாங்கம் போருக்குப் போகும்?" என்று ஒருவர் கேட்டார். மற்றவர் வாயடைத்துப் போனார். எனக்கும் பதில் தோன்றவில்லை.

குரு: காரணம் சொல்லாமல் போருக்குப் போன அரசு ஏது? எல்லா அரசும் சொல்லும். சொன்ன காரணத்துக்காகத்தான் போனார்களா என்பதல்லவா கேட்க வேண்டியது.

சீடன்: மந்திராலோசனையில் என்ன பேசினார்கள் என்பது நமக்கு எப்படித் தெரியும்?

குரு: தெரிய வேண்டாம். இங்கே கோயில் கொண்டிருக்கும் வராகர் எதற்காகப் போரிட்டார்?

சீடன்: இரணியாட்சன் கொண்டுபோன பூமியை மீட்க.

குரு: மீட்டு?

சீடன்: இருந்த இடத்திலேயே நிலைநிறுத்தினார்.

குரு: வைகுண்டத்தோடு சேர்த்துக்கொள்ளவில்லை, பார்த்தாயா? சொன்ன காரியம் முடிந்ததும் கையை எடுத்துவிட்டார். இதை வைத்து நம் திருவிதாங்கூரையே அளந்து பார்ப்போம். கொட்டாரக்கரை விவகாரம் தெரியுமா?

சீடன்: நம் அரசர் மார்த்தாண்ட வர்மா சேர்த்துக்கொண்ட சிற்றரசுகளில் ஒன்று. அதற்குமேல் தெரியாது.

குரு: இளையிடத்துச் சொரூபம் என்பார்கள். அரசர் இறந்து ராணி பட்டத்துக்கு வந்தாள். அவளுக்கு அந்த உரிமை இல்லை என்றது திருவிதாங்கூர். ராணி தெக்கும்கூரில் தஞ்சம் புகுந்தாள். டச்சுக் கம்பெனியின் வான் இம்ஹாஃப் அவளுக்காகப் பரிந்து வந்தார்; 1741இல் அவளை மறுபடி பட்டத்தில் அமர்த்தவும் செய்தார். இரண்டு தரப்பும் வாய் ஓயாமல் பேசியது அவளுடைய வாரிசுரிமையைப் பற்றி. கண் இருந்ததோ?

சீடன்: மிளகின்மேல்.

குரு: ஆமாம். திருவிதாங்கூர்ப் படை திரும்ப வந்தது. ராணி கொச்சிக்குப் போய் டச்சுக்காரர் நிழலில் இருக்க வேண்டியதாயிற்று. சரி, அவளுக்கு உரிமை இல்லை என்றால், உரிமை உள்ளவர் என்று வேறொருவரைத் தேடிப் பட்டம் கட்டினார்களா? இல்லை. நாடு அப்படியே இணைந்துபோயிற்று. 1743இல் மிளகு வியாபாரம் முழுவதும் அரசின் ஏகபோகம் ஆயிற்று. கம்பெனியாவது சொல்லைக் காப்பாற்றியதா? 1753இல் மாவேலிக்கரையில் உடன்படிக்கை எழுதி, மிளகுக்கு வழி செய்துகொண்டு, திருவிதாங்கூர் மேற்கொண்டு செய்யும் போர்களில் தலையிடமாட்டோம் என்று கையெழுத்துப் போட்டது. ராணியின் நியாயத்துக்காக வந்தவர்கள்!

சீடன்: ஒரு போரை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லலாமா?

குரு: சொல்லக் கூடாது. வரிசையாகப் பார். காயங்குளத்திலிருந்து வாரிசைத் தத்தெடுத்தது கொல்லத்தின் குற்றம். கொல்லத்துக்குத் துணை நின்றது காயங்குளத்தின் குற்றம். 1746இல் காயங்குளம் வீழ்ந்தது. அதற்குத் துணை நின்றது அம்பலப்புழையின் குற்றம், தெக்கும்கூரின் குற்றம், வடக்கும்கூரின் குற்றம். அவையும் ஒவ்வொன்றாகப் போயின. ஒவ்வொரு வெற்றியும் அடுத்த போருக்கு ஒரு காரணத்தைக் கையோடு கூட்டிக்கொண்டு வந்தது. எங்கே நிற்கும் என்று சொல்ல முடியாத காரணத்தை நான் நம்பமாட்டேன்.

சீடன்: எனக்கு இதில் உடன்பாடில்லை ஐயா. இத்தனை சிற்றரசுகள் சிதறிக் கிடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 1741இல் குளச்சலில் டச்சுக்காரரை முறியடித்தோம். 1789இல் நெடுங்கோட்டையில் திப்புவின் படையைத் தடுத்தோம். ஒன்றுசேர்த்த நாடு என்பதால்தானே முடிந்தது?

குரு: வலுவான வாதம். குளச்சலை முதலில் தனியாக எடுத்து வை. அங்கே நம் கரையில் வந்து இறங்கியவனை எதிர்த்தார்கள். கடற்கரையில் நின்றவனுக்குப் போரின் காரணத்தை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஆனால் குளச்சலைக் காட்டிக் காயங்குளத்தை நியாயப்படுத்தாதே. நெடுங்கோட்டையோ மார்த்தாண்ட வர்மா காலமாகி முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு நடந்தது. 1740களில் படை நடத்தியவர் அதைக் காரணமாகச் சொல்லியிருக்க முடியாது. பின்னால் விளைந்த பலனை எடுத்து முன்னால் சொன்ன காரணத்தின் இடத்தில் வைக்கிறாய். இராக்கில் நடந்ததும் இதுதான். 2003 பிப்ரவரி 5 அன்று அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா. பாதுகாப்பு அவையில் ஒரு சிறு குப்பியைத் தூக்கிக் காட்டினார். பேரழிவு ஆயுதங்கள் இருப்பதாகச் சொன்னார்கள். நாட்டையே சல்லடை போட்டும் கிடைக்கவில்லை. உடனே படை திரும்பியதா? ஜனநாயகத்தைக் கொண்டுவருவதற்காக வந்தோம் என்ற பேச்சு மேலெழுந்தது. செத்தவர்கள் எந்தக் காரணத்துக்காகச் செத்தார்கள் என்று அவர்கள் வீட்டில் யார் போய்ச் சொல்வது?

சீடன்: இங்கே, அந்த நாளில், யாரும் கேட்கவில்லையா?

குரு: கேட்கும் வழியே அடைபட்டது. 1750 ஜனவரியில் பத்மநாபசுவாமி கோயிலின் ஒற்றைக்கல் மண்டபத்தில் உடைவாளை வைத்து நாட்டையே பத்மநாபருக்கு அர்ப்பணித்தார் அரசர். திருப்படிதானம். அதன்பின் அவர் பத்மநாபதாசர். அவரை எதிர்ப்பவன் சுவாமித் துரோகி. அவர் பக்தியை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் வடக்கே நேற்றுவரை வேறொரு ராஜாவுக்கு வரி கட்டிய குடியானவன், "எங்கள் நாட்டை எதற்காக எடுத்தீர்கள்?" என்று கேட்டால், கேள்வி அரசனைத் தாண்டித் தெய்வத்தின்மேல் போய் விழும். எவன் கேட்பான்? இன்றைய அரசுகள் தேசப் பாதுகாப்பு என்ற பெயரை அந்த இடத்தில் வைத்திருக்கின்றன. ஆதாரம் கேட்டால் ரகசியம் என்கிறார்கள். மறுபடி கேட்டால் எந்தப் பக்கத்து ஆள் நீ என்கிறார்கள்.

சீடன்: முறைஜபத்தை மறந்துவிட்டீர்களே ஐயா. ஆறு ஆண்டுக்கு ஒருமுறை, 56 நாள் வேதம் ஓதி, லட்சதீபத்தோடு முடிக்கிறார்கள். போர்களில் சிந்திய ரத்தத்துக்குப் பரிகாரமாக அந்த அரசரே அதைத் தொடங்கினார் என்றுதானே சொல்லிவருகிறார்கள்? காரணம் முழுக்க நியாயமாக இருந்தால் பரிகாரம் எதற்கு?

குரு: நல்ல இடத்தைத் தொட்டாய். அவரை நான் மதிப்பது இதற்காகத்தான். எத்தனை அரசுகள் தாம் தொடுத்த போரில் பாவம் உண்டு என்று வாய்திறந்திருக்கின்றன?

சீடன்: அப்படியானால் கணக்குத் தீர்ந்ததா?

குரு: நீயே சொல். பாவத்தை யாரிடம் ஒப்புக்கொண்டார்?

சீடன்: பத்மநாபரிடம்.

குரு: கொட்டாரக்கரை ராணியிடம்?

சீடன்: இல்லை. அவளுடைய நாட்டையாவது திருப்பிக் கொடுத்திருக்கலாம்.

குரு: எதைக் கொடுப்பது? 1750இல் செய்த தானத்தில் கொட்டாரக்கரையும் அடக்கம்.